அன்னலட்சுமியின் ஒற்றை ரூபா

திருகோணமலை மீன்பிடித் துறைக்குப் போகும் வழியில் அன்னலட்சுமியின் கடை. கயிறு, தூண்டில், மிதவை எல்லாம் காசுக்குக் கிடைக்கும். வாய் கொடுத்தால் நாலு கதை சும்மாவே கிடைக்கும். அவருக்கு நல்ல கைராசி என்று துறையெல்லாம் பேச்சு. அவர் கையால் வாங்கிய தூண்டிலில் மீன் தானாக வந்து ஏறுமாம். ஏறாத நாட்களைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை.

பூச்சியத்தில் முடியும் தொகை அன்னலட்சுமிக்கு ஆகாது. கோயிலுக்கு நூற்றொன்று, கலியாண வீட்டுக்கு ஆயிரத்தொன்று. கொழும்பிலிருந்து கயிறு அனுப்பும் முதலாளிக்கு எழுதும் காசோலையிலும் ஒரு ரூபா கூட்டித்தான் எழுதுவார். முதலாளியும் அதை அடுத்த பில்லில் பேசாமல் கழித்துவிடுவார்.

பங்குனியில் அந்த ஒரு ரூபா அவரைக் கவிழ்த்தது. கணக்கில் இருந்தது சரியாக நாற்பதாயிரம். காசோலை நாற்பதாயிரத்து ஒன்று. வங்கி காசோலையைத் திருப்பவில்லை. இல்லாத ஒரு ரூபாவைத் தானே போட்டுக் கொடுத்துவிட்டு, அந்த உதவிக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபா கட்டணம் வெட்டியது!

அன்னலட்சுமி அன்றே முகாமையாளர் இராகுலனின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"ஒரு ரூபாவுக்கு ஆயிரத்தைஞ்ஞூறோ? ஒரு போன் கோல் எடுத்துச் சொல்லியிருந்தா ஓடி வந்து போட்டிருப்பனே தம்பி!"

"சிஸ்டம் வெட்டினது அன்ரி. என்ர கையில ஒண்டுமில்லை."

"இந்தாங்கோ உங்கட கடன்" என்று ஒரு ரூபாவை மேசையில் வைத்தார். "மிச்சம் நான் பட்ட கடன் இல்லை. அதைத் திருப்பித் தருமட்டும் இந்தக் கணக்கில ஒரு சதமும் போடமாட்டன்."

முப்பது வருடம் வியாபாரம் செய்தவர். ஒருவருக்கும் கடன் வைத்ததில்லை. காசு போனது ஒரு பக்கம். கணக்கில் தன் பெயருக்கு நேரே கடன்காரி என்று விழுந்துவிட்டதே என்பதுதான் அவரைச் சுட்டது.

ஆனால் சித்திரை வருடப்பிறப்பு வந்தது. சுபநேரத்தில் கைமாறும் முதல் காசுதான் கைவிசேடம். அது நல்ல கையிலிருந்து வந்தால் வருடம் முழுக்க நல்லது நடக்கும். அதனால் ஐந்து வருடமாக அந்த வங்கிக் கிளையின் முதல் வைப்பு அன்னலட்சுமியின் கையால்தான். இந்த முறையும் இராகுலன் கூச்சத்தோடு அழைப்பு அனுப்பியிருந்தார். கோபம் வேறு, வருடாவருடம் வருவதாகக் கொடுத்த வாக்கு வேறு. அன்னலட்சுமி ஆயிரத்தொரு ரூபாவுடன் பட்டுச்சேலையில் வந்து இறங்கினார்.

குத்துவிளக்கு எரிந்தது. பட்டுவேட்டியில் இராகுலன் கும்பிட்டபடி நின்றார். சுபநேரம் முடிய இன்னும் ஆறு நிமிடம்.

"காசு போட நான் றெடி தம்பி. போட்டா இது எங்க போகும்?"

இராகுலன் காசாளர் பிரியதர்சினியைப் பார்த்தார். பிரியதர்சினி திரையைப் பார்த்தாள்.

"அன்ரியின்ர கணக்கு மைனஸில நிக்குது, சேர். போட்டதெல்லாம் அந்தக் கட்டணத்துக்குத்தான் போகும். அதுக்கும் காணாது."

வருடத்தின் முதல் காசு தண்டத்துக்கா! இராகுலனின் முகம் வெளுத்துவிட்டது. இப்படிப்பட்ட கைவிசேடத்தோடு தொடங்கினால் அந்தக் கிளை உருப்பட்ட மாதிரித்தான்.

"கட்டணத்தை இப்பவே திருப்பிப் போடுங்கோ, பிரியதர்சினி! எனக்கு அனுமதி இருக்கு."

"இருக்கோ?" என்றார் அன்னலட்சுமி. "அண்டைக்குக் கையில ஒண்டுமில்லை எண்டனீங்கள்."

இராகுலன் விளக்கைப் பார்த்தார்.

இரண்டு நிமிடத்தில் காசு திரும்பியது. மனம் குளிர்ந்துதான் போனது. ஆனாலும் அன்னலட்சுமி கையை நீட்டவில்லை. "கிண்ணியா முஹம்மது தம்பிக்குப் பன்னிரண்டு ரூபா குறைஞ்சதுக்கு இதே வெட்டு. அந்த மனுசன் கருவாடு வித்துச் சீவிக்கிறவர். அவருக்கு ஆர் விளக்குக் கொளுத்துறது?"

"அன்ரி, நேரம் போகுது..."

"போகட்டும். சின்னக் கணக்கில காசு குறைஞ்சா முதல்ல ஒரு கோல். பின்னேரம் வரைக்கும் தவணை. அதுக்குப் பிறகு வெட்டுங்கோ, நான் வாய் திறக்கமாட்டன். முஹம்மது தம்பியின்ர காசும் திரும்ப வேணும்."

சுபநேரம் முடிய ஒரு நிமிடம் இருந்தது.

"ஓம் அன்ரி, ஓம்! சத்தியமா!"

காசு கைமாறியது. எல்லோரும் கைதட்டினார்கள், பிரியதர்சினி கொஞ்சம் கூடுதலாகவே.

அடுத்த கிழமை முஹம்மது தம்பியின் காசு திரும்பியது. வைகாசியில் ஒரு காலை அன்னலட்சுமியின் கைபேசி அடித்தது.

"அன்ரி, இராகுலன் கதைக்கிறன். உங்கட செக் வந்திருக்கு. கணக்கில ஒரு ரூபா காணாது. பின்னேரத்துக்குள்ள போட்டுவிடுங்கோ."

"தெரியும் தம்பி" என்றார் அன்னலட்சுமி. ஒரு ரூபா நாணயக் குற்றி ஏற்கெனவே அவர் கையில் இருந்தது. "தெரிஞ்சுதான் எழுதினனான். நீங்கள் கோல் எடுப்பீங்களோ எண்டு பாத்தனான்."