பெர்னார் வீதியில் மூன்று பெர்னார்

தபால் வேலையில் வெயில் பழகிவிடும், நாய்களும் பழகிவிடும்; ஒரே பெயர்க்காரர்கள் மட்டும் கடைசி வரை பழகுவதில்லை. ஒரே பெயரில் நாலு பேர் இருக்கும் இடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும்.

சொந்தம் தேடி வந்தவர்

பிரெஞ்சுக்காரர் காலத்தில் எங்கள் ஊரில் சிலர் அவர்கள் சட்டத்துக்கு மாறி, புதிதாகக் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். அப்படி பெர்னார் வீதியில் மூன்று பெர்னார் வீடுகள். ஒருவருக்கொருவர் உறவில்லை. வீதிக்குப் பெயர் தந்தவர் யாரோ ஒரு வெள்ளைக்கார அதிகாரி.

ஒருமுறை பிரான்சிலிருந்து ஒரு பெர்னார் சொந்தம் தேடி வந்தார். மூன்று வீட்டிலும் காப்பி குடித்தார். கடைசி வீட்டில் தையல் வேலை செய்யும் ஜோசபின் அம்மா பிறகு என்னிடம் சொன்னார்: "சொந்தமில்லன்னு சொன்னா மனுஷன் மொகம் வாடிப்போவுது. போனாப் போவுதுன்னு சித்தப்பான்னு கூப்ட்டு அனுப்பிட்டேன்."

வராத தாள்

ஜோசபின் அம்மாவின் மகளுக்குப் பிரான்சில் தலைப்பிரசவம். அந்த ஊர் நகராட்சி தரும் அழைப்புத் தாள் தபாலில் வந்தால்தான் அம்மா விசாவுக்கு மனு போட முடியும். தினமும் மெஷினை நிறுத்திவிட்டு என் சைக்கிளைப் பார்ப்பார். நான் உதட்டைப் பிதுக்குவேன். ஒரு புதன்கிழமை சொன்னார்: "அனுப்பி மூணு வாரம் ஆச்சுன்னு போன்ல அழுவுறா. நான் போறதுக்குள்ள பொறந்துட்டா?"

சோறு ஆறட்டும்

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரை இங்கே சொல்தா என்போம். முதல் வீட்டு ஜோசப் பெர்னார் சொல்தாவுக்குத்தான் பிரான்சுக் கடிதங்கள் அதிகம் வரும். வீட்டு எண்ணில்லாமல் 'பெர்னார் ஜெ.' என்று மட்டும் இருந்த ஓர் உறையைத் திங்களன்று யோசிக்காமல் அங்கே கொடுத்திருந்தேன்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். பிரான்சுக் கடிதம் எதுவானாலும் மாதா படத்துக்குப் பின்னால் செருகிவிடுவார்கள். ஞாயிறு பூசை முடிந்து, எல்லாரும் உட்கார்ந்த பிறகுதான் பிரிப்பார்கள்.

அந்தப் புதன்கிழமை மதியம், சாரம் பகுதியில் இருந்த என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அந்த உறை நினைவுக்கு வந்தது. விஷயத்தைச் சொன்னேன். அப்போது என் மனைவி உயிரோடு இருந்தாள். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "சோறு எங்கியும் போவாது. மொதல்ல நீங்க போங்க."

புதன்கிழமை பிரித்த கடிதம்

சொல்தா மறுத்தார். "ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடி இந்த வூட்ல கடுதாசி பிரிச்சதில்லப்பா."

"முசியே, பிரசவம் ஞாயித்துக்கெழம பாக்காது" என்றேன்.

மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு உறையை எடுத்து, சவரக் கத்தியால் ஓரத்தைக் கீறினார். உள்ளே நகராட்சி முத்திரை. ஜோசபின் அம்மாவின் முழுப் பெயர். வாங்கக் கை நீட்டினேன். அவர் உள்ளே போய், மெடல் குத்திய கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். "உங்கிட்ட குடுத்தா இன்னொரு பெர்னாருக்குப் போவும். தள்ளு, நானே கொண்டு போறேன்."

பேத்தி பிறந்தபோது ஜோசபின் அம்மா அங்கே இருந்தார். நானோ ஓய்வு பெறும் வரை அந்த வீதியில் ஒவ்வோர் உறையையும் நீட்டி, "இது உங்களுதுதானா, நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டுக் கேட்டே கடிதம் கொடுத்தேன்.