விருந்தாளிக்கு வந்த தண்ணீர்: பொன்முடி போய்வந்தது

பொன்முடிக்குப் போக எனக்கென்று ஒரு காரணமும் இருக்கவில்லை. மலைப்பாதை எனக்கு ஒத்துக்கொள்ளாது. மூன்றாவது வளைவிலேயே வயிறு புரளும். மாசி மாதம் ஒரு நாள் வித்யா ஃபோன் செய்தாள்.

"ரெண்டு நாள் வரணும்டீ. எஸ்டேட் லைன்ல எல்லாரும் தமிழாக்கும். மதாம்மா இங்க்லீஷ்ல கேப்பா. நீ தமிழ்ல கேட்டு, பதில இங்க்லீஷ்ல சொல்லணும்."

"நீயே செய்யேன். உனக்கு ரெண்டும் தெரியுமே."

"நான் கவர்ன்மென்ட் பக்கம். நான் சொன்னா அவா நம்பமாட்டா. மூணாம் மனுஷி வேணும்."

வித்யா என்னோடு கல்லூரியில் படித்தவள். கரமனை அக்ரகாரத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது ஒரு குடிநீர்த் திட்ட அலுவலகத்தில் இருக்கிறாள். வெளிநாட்டு வளர்ச்சி வங்கி ஒன்றின் கடனில் நடக்கும் திட்டம். குழாய் போகும் ஊர்களில் மக்களைக் கூட்டி, பேசி, திட்டு வாங்கி, சம்மதம் பெறுவது அவள் வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வங்கியின் குழு வந்து பார்க்கும். 'மிஷன் வருது' என்பார்கள் அலுவலகத்தில். மழை வருது என்பதுபோல.

திருநெல்வேலியிலிருந்து காலை ரயில். நாகர்கோவில் வழி. சுமார் நாலு மணி நேரம், முன்பதிவில்லாத பெட்டியில் நூறு ரூபாய்க்குள் முடிந்தது. பாறசாலை தாண்டியதும் ஜன்னலில் பச்சை கூடுகிறது, பெட்டிக்குள் பேச்சின் ராகம் மாறுகிறது. எந்த நிலையத்தில் மாறியது என்று நான் ஒருமுறைகூடக் கண்டுபிடித்ததில்லை. திருவனந்தபுரத்தில், தம்பானூர் நிலையத்தில் இறங்கி நகரப் பேருந்தில் கரமனை. பத்து ரூபாய்.

சாயங்காலம் ஆற்றங்கரைக்குப் போனோம். ஆறு இளைத்திருந்தது. நடுவில் ஒரு கொக்கு, தன் நிழலின்மேல் நின்றது. வித்யா படிக்கட்டில் உட்கார்ந்து திட்டத்தைப் பற்றிச் சொன்னாள். நான் பாதி கேட்டேன், பாதி கொக்கைப் பார்த்தேன். கேட்ட பாதி இது.

கடன் வாங்குவது டெல்லி. செலவழிப்பது மாநிலம். முதலில் மாநிலம் தன் காசைப் போட்டு வேலையை முடிக்க வேண்டும், கணக்குக் காட்டிய பிறகே வங்கி தரும். முன்பெல்லாம் ஏழை நாட்டுக்கான சலுகை வட்டி. இப்போது நாம் நடுத்தர வருமான நாடு. சலுகை போய்விட்டது, மரியாதை கூடிவிட்டது. கொடுப்பவர், வாங்குபவர் என்று யாரும் சொல்வதில்லை. பங்காளி என்கிறார்கள்.

"எங்காத்துல பங்காளின்னா கோர்ட்டு கேஸுதான்" என்றாள் வித்யா.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "ரெண்டு மூஞ்சி வேணும், கேட்டயா. காச ஒழுங்கா செலவழிக்கத் தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு. இன்னும் தாகம் தீரல்லேங்கற மூஞ்சி ஒண்ணு. ரெண்டையும் ஒரே நாள்ல காட்டணும்."

மறுநாள் காட்ட வேண்டிய இடம், பொன்முடிப் பாதையில் ஒரு தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பு. லைன் என்கிறார்கள். அங்கே ஒரு பழைய தொட்டியும் குழாயும் உண்டு. ஊற்று நீர். மழைக்காலத்தில் வரும், தை பிறந்தால் நின்றுவிடும். திட்டத்தின் இரண்டாம் கட்டப் பட்டியலில் அந்த லைன் இருந்தது. குழு பார்த்துத் திருப்தியானால் அடிவாரத்திலிருந்து குழாய் மேலே ஏறும். இல்லையென்றால் பெண்கள் ஓடைக்கு இறங்கி ஏற வேண்டியதுதான். செல்லத்தாய் என்ற பெண்ணுக்கு வித்யா இரண்டு முறை வாக்குக் கொடுத்திருந்தாள். மூன்றாவது முறை கொடுக்க அவளுக்கு வாய் வராது.

காலை ஆறரைக்கு அலுவலக ஜீப். திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நெடுமங்காட்டில் சாயா, பழம்பொரி. விதுரை தாண்டினால் காற்றில் ஈரம். கல்லாறு சோதனைச்சாவடிக்குப் பிறகு இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. எங்கள் ஜீப்புக்கு முன்னால் குழுவின் வெள்ளைக் கார் பனிக்குள் போவதும் வருவதுமாக இருந்தது.

ஓட்டுநர் சாபு கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"சேச்சி, வாந்தி வந்தா முன்னாடியே பறயணும், கேட்டோ. சீட் நேத்தாக்கும் கழுகினது."

ஒன்பதாவது வளைவில் சொன்னேன். அதற்குள் காலம் கடந்துவிட்டிருந்தது. சாபு ஒரு பெருமூச்சு விட்டார். அவ்வளவுதான். நல்ல மனிதர்.

லைன் பனிக்குள்ளிருந்து சிறிது சிறிதாக வந்தது. முதலில் ஒரு கூரை. பிறகு வரிசை. பிறகு சுத்தமாகப் பெருக்கிய மண்பாதை, மாக்கோலம். பாதையோரம் சிமெண்டுத் தொட்டி, அதன் அடியில் பித்தளைக் குழாய். புளி போட்டுத் துலக்கி, சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். காலை வெளிச்சத்தில் அது ஒரு சிறிய சாமிபோல இருந்தது.

செல்லத்தாய் முன்னால் வந்தார். நாற்பதைத் தாண்டியவர், கொழுந்து பறிப்பவர், லைனின் பெண்களுக்கெல்லாம் அவர்தான் பேசுவார். புதுச்சேலை. "வாங்க, வாங்க. மொதல்ல கையக் கழுவுங்க. டீ ஆறிரும்" என்று சொல்லிக் குழாயைத் திறந்தார்.

தண்ணீர் வந்தது.

வித்யாவின் முகத்தைப் பார்த்தேன். வரக் கூடாத ஒருவர் கல்யாண வீட்டுக்குள் நுழைந்துவிட்டதுபோல அவள் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழுவின் தலைவி, வித்யா சொன்ன அந்த வெளிநாட்டு மதாம்மா, ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாத பெண்மணி. மெதுவாக, விரல் விரலாகக் கழுவினார். டெல்லி நிதித்துறையிலிருந்து உடன் வந்திருந்த இளம் அதிகாரியும் கழுவினார். நானும் முகம் கழுவினேன். அந்த ஜில்லிப்பில் வயிறு அடங்கியது. தலைவி என்னிடம் கேட்டார்: தினமும் வருகிறதா?

தமிழில் கேட்டேன். செல்லத்தாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பந்தியில் வைத்துச் சோறு மிச்சம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டதுபோல.

"வரும். வராம என்ன?" பிறகு என்னை மட்டும் பார்த்து, "வந்தவங்கள நிக்க வச்சுக்கிட்டு இல்லேன்னா சொல்லுவாங்க?"

இரண்டையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். தலைவி முதல் பதிலுக்குத் தலையசைத்தார், இரண்டாவதற்குச் சிரித்தார். டெல்லி அதிகாரிக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. நம் ஊர் நன்றாக இருப்பதைப் பார்த்த மகிழ்ச்சி. "அப்படியானால் இந்த இடம் பட்டியலில் எதற்கு?" என்றார். வித்யாவைத்தான் கேட்டார். ஓடும் குழாய்க்கு முன்னால் நின்று தண்ணீர் வராது என்று ஓர் அரசு ஊழியர் எப்படிச் சொல்வது?

டீ வந்தது. முறுக்கு வந்தது. பனி ஒரு வீட்டை மூடி அடுத்த வீட்டைத் திறந்துகொண்டிருந்தது. எல்லாம் முடிந்துபோனது என்று எனக்குத் தோன்றியது, அழகாக முடிந்துபோனது.

அப்போது சாபு வாளியோடு வந்தார். என்னால் அழுக்கான சீட்டைக் கழுவ. குழாயை முழுவதும் திறந்தார். பாதி வாளி. குழாய் இருமியது. காற்று வந்தது. பிறகு அதுவும் இல்லை.

"எந்தா, தீர்ந்நோ?" என்றார் சாபு, குழாயைத் தட்டி.

"ஏ சண்டாளா!" செல்லத்தாய் டீத் தட்டோடு ஓடிவந்தார். "ரெண்டு நாளா ஓடையிலேருந்து சொமந்து ஊத்துன தண்ணிய வண்டி கழுவவா புடிக்க? மதாம்மா சாப்பிட்டுக் கை கழுவ எங்க போவா?"

பிறகு பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி சிரித்தாள். அடுத்தவளும். கடைசியில் செல்லத்தாயும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தலைவி என் பக்கம் திரும்பினார். நான் ஒரு சொல் விடாமல் சொன்னேன், சண்டாளன் உட்பட.

வித்யா செல்லத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எதுக்கு அக்கா இப்படிச் செஞ்சேள்?"

"நீங்கதான தாயி ஃபோன்ல சொன்னிய, எடத்தச் சுத்தமா வையுங்கன்னு. சுத்தம்னா தண்ணி வேண்டாமா?"

தலைவி ஓடையைப் பார்க்க வேண்டும் என்றார். இறங்கினோம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, நேற்றுச் சிந்திய தண்ணீரின் ஈரம் இன்னும் காயாமல். எத்தனை பேர் எத்தனை நடை நடந்தார்கள் என்று அந்த ஈரம் சொன்னது. கீழே ஓடை, கணுக்கால் அளவு. பாறைகள். எங்கோ ஒரு பறவை, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்ப. தலைவி செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் காலை வைத்து உட்கார்ந்தார். பனி எங்கள்மேல் இறங்கியது. நான் இந்தப் பயணத்தில் நினைவில் வைத்திருக்கும் இடம் இதுதான். உச்சியின் காட்சிமுனையை அல்ல. அங்கே போகவேயில்லை.

மறுநாள் காலை நகரத்தில் ஒரு ஹோட்டல் கூடத்தில் நிறைவுக் கூட்டம். பின்வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி. பார்த்ததையெல்லாம் ஓர் அறிக்கையாக எழுதித் திரையில் போட்டு, இரு தரப்பும் வரி வரியாகத் திருத்துகிறார்கள். குழு 'வலியுறுத்தியது' என்பதை மாநிலம் 'கேட்டுக்கொண்டது' ஆக்குகிறது. குரலை உயர்த்தாத, மிகவும் மெல்லிய சண்டை. எனக்குத் தூக்கம் வந்தது. லைன் பற்றிய பத்தி வந்ததும் விழித்தேன்.

டெல்லி அதிகாரி சொன்னார்: அந்த லைனுக்குக் குழாய் போடுவோம், சந்தேகமில்லை. ஆனால் மாநிலத்தின் சொந்த நிதியில். ஒரு தொட்டி நிரப்ப வெளியே கடன் வாங்கும் நிலையில் நாம் இல்லை.

அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. அந்தத் தலைநிமிர்வு. கூடத்தில் பலருக்கும் பிடித்திருந்தது. வித்யா மட்டும் வெளிறிப்போயிருந்தாள். என் பக்கம் சாய்ந்தாள்.

"கடன் காசுன்னா ஆறு மாசத்துக்கு ஒருக்க ஒருத்தி வந்து குழாயத் தொறந்து பாப்பாடீ. அதுக்குப் பயந்தே வேலை நடக்கும். நம்ம காசுன்னா யாரு வந்து பாக்கப்போறா?"

கை தூக்கினாள். சொந்த நிதியே இருக்கட்டும், ஒரே ஒரு வரி மட்டும் சேர்க்க வேண்டும் என்றாள்: அடுத்த குழு தன் களப் பார்வையை அந்த லைனில் தொடங்கும்.

"கடனில் இல்லாத இடத்தில் அவர்கள் எதைப் பார்ப்பார்கள்?" என்றார் டெல்லி அதிகாரி.

"டீ நல்லா இருந்தது" என்றார் தலைவி. எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் வரி திரையில் ஏறிவிட்டது. யாரும் திருத்தவில்லை.

கூட்டம் முடிந்ததும் வித்யா வராந்தாவுக்கு ஓடிவந்து செல்லத்தாய்க்கு ஃபோன் போட்டாள். எனக்கும் கேட்கும்படி. விஷயத்தைச் சொன்னாள். அடுத்த தடவை ஆவணியில் வருவார்கள், அதற்குள் குழாய் வந்தாக வேண்டும், இந்த முறை யாரும் ஒரு குடம்கூடச் சுமக்கக் கூடாது.

"ஆவணியிலயா?" என்றார் செல்லத்தாய். "ஆவணியில மழ உண்டுலா தாயி. ஊத்துத் தண்ணியே குழாயில கொட்டுமே. பாத்துட்டு, வேல முடிஞ்சிட்டுன்னு போயிருவாவளே."

வித்யா சுவரில் சாய்ந்தாள். கரமனையில் பிறந்தவள். மழையை எண்ணாமல் மாதத்தை எண்ணிவிட்டாள். அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள்.

"அப்போ மாசியில யாரு வருவா அக்கா?" என்றாள். அது கேள்விபோல இல்லை. அறிக்கையில் ஏறிய வரி அடுத்த குழுவுக்கு மட்டும்தான்.

நான் ஃபோனை வாங்கினேன். "நான் வரேன்க்கா."

"யாரு, வாந்தி எடுத்த புள்ளையா? வா தாயி. பஸ்ஸுல வா. அந்தச் சண்டாளன் வண்டி வேண்டாம்."

ஆகவே இந்தப் பதிவு. பொன்முடி போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள்.

தம்பானூரிலிருந்து அரசுப் பேருந்து உண்டு, நாளுக்குச் சில மட்டுமே. போக இரண்டரை மணி நேரம் ஆகலாம், கட்டணம் நூறுக்குள். திரும்பும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கல்லாற்றில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள், மாலையில் சீக்கிரமே அடைத்துவிடுகிறார்கள். கனமழை என்றால் பாதையையே மூடிவிடுவார்கள். வளைவுகளில் முன் இருக்கை நல்லது. காலையில் வெறும் சாயாவோடு நிறுத்துங்கள், பழம்பொரி வேண்டாம். குடிக்கத் தண்ணீர் கையில் இருக்கட்டும்.

மழையில் நனைந்த பச்சையைப் பார்க்க எல்லோரும் ஆவணி, புரட்டாசியில் போகச் சொல்வார்கள். நான் மாசி, பங்குனியில் போகச் சொல்கிறேன். பனி அப்போதும் இருக்கிறது, கூட்டம் இல்லை. வளைவுகள் முடிவதற்குச் சற்று முன், பாதையோரம் ஒரு சிமெண்டுத் தொட்டி தெரியும். நின்று குழாயைத் திறந்து பாருங்கள். வராவிட்டால் கீழே ஒரு வரி எழுதுங்கள், வித்யா இதைப் படிப்பாள்.

வந்தால் உடனே மூடிவிடுங்கள். நீங்கள் வருவதைத் தூரத்திலேயே பார்த்து, யாராவது சுமந்து ஊற்றிய தண்ணீராக இருக்கலாம்.