மூன்று கூரைகளில் ஒரே கணம்

எங்கள் கல்முனையில் பெண்ணுக்குச் சீதனம் என்றால் முதலில் வீடு. மூன்று பெண்பிள்ளைகள் பிறந்தால் ஒரே வளவில் மூன்று வீடு எழும்பும், வாப்பாவின் முதுகு முறியும். ஹாஜறா ரீச்சரின் வாப்பாவுக்கும் அப்படித்தான் முறிந்தது. ஆனால் அந்த மூன்று கூரைகளிலும் பெட்டி வைத்து விண்வெளியை ஒட்டுக்கேட்க வேறு யாருக்குத் தோன்றும்?

ரீச்சர் பௌதிகவியல் படிப்பித்தார், நான் கணிதம். எங்கிருந்தோ பாய்ந்து வரும் ஒரு துகள் உயரத்துக் காற்றில் மோதி, ஆயிரமாய்ச் சிதறிக் கீழே பொழியும் என்பார். ஒரு பெட்டியில் மட்டும் துகள் விழுந்தால் அது வெறும் தூறல். மூன்றிலும் ஒரே கணத்தில் விழுந்தால்தான் மழை. அப்போது மட்டும் ஒரு மணி அடிக்கும்படி செய்திருந்தார். கூரை வயரைக் கண்டு இராணுவம் இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் தேநீர் கொடுத்து, விளக்கிச் சொல்லி அனுப்பினார். எனக்கென்றால் நாக்கு ஒட்டியிருக்கும்.

மணி அடித்தது. பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் போதெல்லாம் அடித்தது.

நடு வீட்டில் ரீச்சரின் மூத்த தமக்கை சரீபா. சுனாமியில் மகனைப் பறிகொடுத்த பிறகு அவர் யாரோடும் கதைப்பதில்லை. மணியைக் கேட்டதும் வாசலுக்கு வந்தார்.

“வானமும் பாங்குக்குப் பதில் சொல்லுது புள்ள!”

அன்றிலிருந்து அவர் சாப்பிட்டார், சிரிக்கவும் செய்தார். ஊரே வந்து மணியைக் கேட்டுப் போனது. ரீச்சருக்கு மட்டும் முகம் வாடியது. துகளுக்கு ஏது தொழுகை நேரம்? பாங்கு சொல்லும் மோதினார் முகைதீன்பாவாவிடம் சொல்லி, பாங்கு இல்லாத வேளையில் ஒலிபெருக்கியைப் போடச் செய்தார். அப்போதும் மணி அடித்தது. சுவிட்சைப் போடும்போது மின்கம்பியில் பாயும் மின்துடிப்புதான் மூன்று பெட்டிகளையும் ஏமாற்றியிருக்கிறது.

“விட்டிருங்க ரீச்சர், ஆருக்கு நட்டம்?” என்றேன்.

“றாத்தா பொய்யில ஆறுதல் எடுக்கப்படா சேர்.”

எனக்குக் கோபமே வந்தது. ரீச்சர் போய் உண்மையைச் சொன்னார். சரீபா கதவைச் சாத்திக்கொண்டார்.

ரீச்சர் பெட்டிகளையும் மணியையும் கார் பற்றரிக்கு மாற்றினார். அதோடு மணி ஊமையாகிவிட்டது. வாரக்கணக்கில் சத்தமில்லை, தமக்கையும் பேசவில்லை. அந்த நாட்களில் ரீச்சரின் கண்களைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

போர் முடிந்த வருடம், ஒரு முற்பகல். ஊரில் கறண்ட் இல்லை. ரீச்சர் வீட்டுக்கு வினாத்தாள் வாங்கப் போயிருந்தேன். சரீபா முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். மணி அடித்தது.

சரீபா உள்ளே ஓடிவந்தார்.

“இப்ப ஆரு ஸ்பீக்கர் போட்ட?”

“கறண்டே இல்ல றாத்தா.”

“அப்ப இது மெய்யா வானத்தில இருந்து வந்ததா?”

“ஓம்,” என்றார் ரீச்சர்.

“நம்மட கூரையில மட்டுமா விழுந்த?”

“இல்ல. எல்லா இடத்திலயும் விழும். நமக்குள்ளால போய் மண்ணுக்குள்ளயும் இறங்கும்.”

சரீபா மகனை அடக்கிய மையவாடி இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“மையவாடி மண்ணுக்குள்ளயுமா?”

“ஓம் றாத்தா. அங்கயும்தான்.”

சரீபா முக்காட்டை இழுத்துவிட்டு மணிக்குக் கீழே உட்கார்ந்தார். முற்றத்து மிளகாயைக் காகம் கொத்தியது. அவர் அதைத் துரத்தப் போகவில்லை.

“அடுத்தது எப்ப வரும்?”

“தெரியா றாத்தா. எப்பயும் வரலாம்.”

“பரவாயில்ல,” என்றார் சரீபா. “நான் இரிக்கன்.”