மாமாவும் நானும் ராவிய மெசின் வாள்

பெட்ரோல் வாடையோடு பச்சை யூக்கலிப்டஸ் மரத்தூளின் நெடியும் சேர்ந்து எங்கிருந்தாவது வந்தால், இந்த வயதிலும் என் கண் முதலில் கூரையைத்தான் பார்க்கும். அப்புத்தளையிலிருந்து ஹல்துமுல்லைக்கு இறங்கும் சரிவில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் அப்படியொரு மரம் நின்றது. முந்தின மழையில் வேர்ப்பக்கம் மண் சரிந்து, எங்கள் அறையான "காம்பரா"வின் தகரக் கூரையை நோக்கிச் சாய்ந்துவிட்ட மரம். அது விழுந்தால் தம்பியின் தொட்டில் மேல்தான் விழும் என்று, மரத்தையும் கூரையையும் மாறிமாறிப் பார்த்து நானே கண்டுபிடித்து வைத்திருந்தேன். தொட்டிலைத் தள்ளிக் கட்டச் சொன்னால், இருக்கிற ஒற்றை அறையில் எங்கே தள்ளுவது என்பாள் அம்மா.

நான் அப்போதே பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். இடது கையால் எழுதுகிறேன் என்று வாத்தியார் அந்தக் கையிலேயே அடித்தார். ஐந்தாம் வகுப்போடு போதும் என்று நின்று, தம்பியைப் பார்த்துக்கொண்டேன். பார்த்துக்கொள்வது என்றால் முக்கால்வாசி பயப்படுவதுதான்.

தோட்டத்து மேலாளரான துரையிடம் போய்ச் சொன்னதற்கு, என்னிடம் ஆளில்லை, வேண்டுமானால் நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள் என்றுவிட்டார். கோடரியால் வெட்ட ஒரு நாள் முழுக்க வேண்டும். அந்த மேட்டிலோ விடிகாலையில் கொஞ்ச நேரம்தான் காற்று அடங்கியிருக்கும். பாதி வெட்டின மரத்தைக் காற்றுப் பிடித்தால் எந்தக் கயிறும் தாங்காது. ஆடி பிறந்துவிட்டால் அந்தக் கொஞ்ச நேரமும் கிடையாது. அதனால் எங்களோடு இருந்த அம்மாவின் தம்பி, என் மாமா, பதுளைக்குப் போய்ப் பழைய இரும்புக்கடை முஸ்லிம் நானாவிடம், பற்சங்கிலி வைத்துப் பெட்ரோலில் ஓடும் ஒரு "மெசின் வாள்" வாங்கிச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். வெள்ளைக்காரத் துரை யாரோ விட்டுவிட்டுப் போனதாம். ஓடும் என்றும் சொல்லமாட்டேன், ஓடாது என்றும் சொல்லமாட்டேன் என்றாராம் நானா.

அம்மா சாக்கை விலக்கிப் பார்த்தாள்.

"கோழிக்கூடு கட்டி வச்சு ஒரு வருசமாச்சு, கோழியக் காணோம். இப்ப இது வந்திருக்கு. இதாவது முட்ட போடுமா?"

மாமா மறுநாள் வேலை விட்டு வந்ததும் "இஸ்தோப்பு" என்று நாங்கள் சொல்லும் முன்தாழ்வாரத்தில் சாக்கை விரித்து, வாளைக் கழற்றிப் போட்டார். புகைக்குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. உள்ளே இறுகிப்போயிருந்த பிஸ்டன் மண்ணெண்ணெயில் நாள்கணக்கில் ஊறித்தான் அசைந்தது. எண்ணெய்ப் பிசினில் அடைத்துப்போன, பெட்ரோல் போகிற சின்னச் சின்னத் துளைகளை நான் வயர்க்கம்பியின் ஒற்றை இழையால் குத்தி எடுத்தேன். மழுங்கிக் கிடந்த சங்கிலிப் பற்களை மாமா அரத்தால் ராவினார். கடைசியில் ஒரு நாள் அது இருமி, புகை கக்கி, லயமே வெளியே ஓடிவரும்படி அலறியது.

ஆனால் கீழே கிடந்த கட்டையில் வைத்துப் பார்த்தபோது வெட்டு நேராக இறங்கவில்லை. பிறை மாதிரி வளைந்து ஒரு பக்கமாகவே போனது. மாமா அரம் எடுத்துப் பற்களை மறுபடி ராவினார். இன்னும் அதிகமாக வளைந்தது. வெட்டு வளைந்தால் மரம் எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்கும் தெரியாது. நான் சங்கிலியை மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பல்லாகத் தடவிக்கொண்டே இருந்தேன்.

"மாமா, ஒரு பல்லு இந்தப் பக்கம் பாக்குது, அடுத்தது அந்தப் பக்கம் பாக்குது. நீங்க எல்லாத்தயும் ஒரே பக்கமா ராவியிருக்கீங்க."

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதில் அந்த டிவிஷனிலேயே மாமாவை மிஞ்ச ஆளில்லை. வருசக்கணக்காகக் கவ்வாத்துக் கத்தி தீட்டிப் பழகின கை, வாளையும் கத்தியாகவே நினைத்துத் தீட்டியிருக்கிறது. பாதிப் பல் கூர். மீதிப் பாதி மழுங்கல். அவர் வாங்கித் தடவிப் பார்த்தார். பிறகு அரத்தை என்னிடம் நீட்டினார்.

"அந்தப் பக்கத்துக்கு என் கை திரும்பமாட்டேங்குது. ஒன் பீச்சாங்கை இருக்கில்ல, உக்காரு."

எதிரெதிரே உட்கார்ந்து, அவர் ஒரு பல், நான் ஒரு பல் என்று அரத்தை மாற்றி மாற்றி ராவினோம். அடுத்த கட்டையில் வெட்டு நூல் பிடித்தாற்போல இறங்கியது.

ஆடிக்கு முந்தின ஞாயிறு, விடிந்ததும் லயத்தைக் காலிசெய்தோம். ஆண்கள் மேட்டில் நின்று, மரத்தில் கட்டின கயிற்றை இழுத்துப் பிடிக்க, மாமா வாளைக் கிளப்பும் சின்னக் கயிற்றை இழுத்தார், அது கிளம்பவில்லை. மறுபடி இழுத்தார், கிளம்பவில்லை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, எந்த இலையாவது அசைகிறதா என்று பார்த்தபடியே நின்றேன். பிறகு அலறல், தூள், நெடி. மரம் முனகி, மேட்டுப் பக்கமாகத் திரும்பி, தேயிலைக்குள் படுத்தது. அதன் உச்சிக்கொப்பு மேட்டோரம் இருந்த மாமாவின் கோழிக்கூட்டைத் தட்டையாக்கிவிட்டது. அம்மா போய் அதைப் பார்த்தாள்.

"நல்லவேள, கோழி வாங்கல."

அதற்குப் பின் மாமா இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டுக் கப்பலேறியவர்களோடு போய்விட்டார். வாள் கை மாறி மாறித் திரும்பவும் ஏதாவது இரும்புக்கடைக்கே போயிருக்கும். லயமும் இல்லை, அந்த இடத்தில் கட்டின தனி வீட்டில்தான் இருக்கிறோம். மரம் நின்ற மேட்டில் புல்தான் முளைத்திருக்கிறது. இருந்தாலும் ஆடிக் காற்று இரையத் தொடங்கினால், பேரனின் தொட்டிலைக் கொஞ்சம் தள்ளிக் கட்டச் சொல்கிறேன். மகள் சிரிக்கிறாள், சிரித்துக்கொண்டே தள்ளிக் கட்டுகிறாள்.