அம்பாசிடர் டைனமோவில் வந்த காற்று

ஆரோக்கியம் அண்ணன் போய்விட்டார்.

மத்தியானம் அவர் மகள் ஸ்டெல்லா போன் செய்தாள். "அக்கா, அப்பா..." என்றாள். அவ்வளவுதான். மீதியை நானே புரிந்துகொண்டேன்.

பெரியநாயக்கன்பாளையத்தில் மெயின் ரோட்டை ஒட்டி ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தவர். தொண்ணூறுகளில் அந்த ரோட்டில் லாரியோ காரோ ஓட்டிய யாராவது இதைப் படித்தால் ஞாபகம் வரலாம். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர்...

கல்யாணத்துக்கு முன்பு அந்தக் கடையில்தான் எனக்கு வேலை. மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுவது.

அப்போது கார்களுக்கு டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்துவிட்டது. கழற்றிப் போட்ட அம்பாசிடர் டைனமோக்கள் கடைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் குவிந்து கிடக்கும். காயலான் கடைக்குப் போட அண்ணனுக்கு மனசே வராது. "ஓடுனதுக்கு இன்னும் ஓடோணும்னு ஆச இருக்கும் அம்மணி" என்பார். எனக்குச் சிரிப்பு வரும்.

டைனமோவைச் சுற்றினால் கரண்ட் கொடுக்கும். அதற்கே கரண்ட் கொடுத்தால் அது சுற்றும். இந்த ஒன்றை வைத்துக்கொண்டு அவர் செய்யாத கூத்து இல்லை. மாட்டுத் தீவனம் நறுக்க ஒன்று, செடிக்கு மருந்தடிக்க ஒன்று.

வைப்பர் மோட்டார் ஒன்றைத் தகரத்தைத் தட்ட வைத்து, ஒருவருடைய தோட்டத்தில் மயில் விரட்டக் கட்டிக் கொடுத்தார். சீக்கிரமே மயில் அந்தத் தகரத்துப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. "அதுக்கும் பொழுது போவோணுமில்லீங்க" என்றார் தோட்டத்துக்காரரிடம், கொஞ்சமும் வெட்கப்படாமல்.

மோட்டாரில் கோளாறு என்றால் மீட்டரைத் தொட மாட்டார். திருப்புளி முனையை மோட்டார் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பாட்டு கேட்கிற முகம். "பேரிங் தேஞ்சிருச்சு" என்பார். பிரித்துப் பார்த்தால் தேய்ந்துதான் இருக்கும்.

ஆனால் எனக்கு அண்ணன் என்றால் அந்தக் களம்தான்.

எங்கள் அப்பா அதுவரை அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தவர். அந்த வருஷம்தான் முதல்முறையாகக் குத்தகைக்கு நிலம் பிடித்துச் சோளம் போட்டிருந்தார். நன்றாகவே விளைந்தது. அடித்துக் களத்தில் குவித்தாயிற்று. தூற்ற வேண்டும்... காற்று இல்லை.

தை மாதம். ஓர் இலைகூட அசையவில்லை. அப்பா கூடையைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தார். பருவம் தப்பி, நீலகிரிப் பக்கம் வானம் கருத்துக்கொண்டு வந்தது.

சோளம் நனைந்தால் குத்தகை கொடுக்க வழியில்லை, நிலம் கையை விட்டுப் போகும். அப்பா பழையபடி வேலிக்கு வெளியே நின்று "வேல இருக்குதுங்களா" என்று கேட்க வேண்டும். என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை. கடையில் சொல்லி அழுதுவிட்டேன்.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "காத்துதான வேணும்? வா அம்மணி."

ஒரு டைனமோ. அதன் முனையில் லாரி ரேடியேட்டர் விசிறி. ஒரு மர ஸ்டூல். கடையிலிருந்த லாரி பேட்டரி. எல்லாம் டெம்போவில் ஏறின.

களத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கால் வைத்தார். அப்பா குவியல் மேல் சாணிப் பிள்ளையார் பிடித்து அருகம்புல் செருகியிருந்தார். அண்ணன் பிள்ளையாரைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார், தெரிந்த ஆளைப் பார்த்த மாதிரி.

ஒயரைப் பேட்டரியில் தொட்டதும் விசிறி சுற்றியது. சோளத்துப் பக்கம் மட்டும் காற்று வரவில்லை.

"எதிர்ப்பக்கமா சுத்துது, ஒயர மாத்திக் குடு" என்றார். ப்ளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்தேன். அதே பக்கம் சுற்றியது. மறுபடி மாற்றினேன். அதே பக்கம்.

அந்த டைனமோவுக்குள் காந்தமும் கரண்டில்தான் உண்டாகும். வெளியே ஒயரை மாற்றினால் உள்ளே எல்லாம் சேர்ந்தே மாறிவிடும், சுற்றும் பக்கம் மாறாது. தினமும் அதையே பிரித்துச் சுற்றுகிற எங்கள் இருவருக்கும் அந்தப் பதற்றத்தில் அது மறந்தே போனது.

டைனமோவைப் பிரித்துவிடுவது என்று அண்ணன் ஸ்பானரைத் தேட ஆரம்பித்தார். என் கையில் ஒரு தூறல் விழுந்தது.

ஸ்டூலுக்குப் பின்னால் நின்றிருந்த அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஏனுங்க... இங்க காத்து நல்லா வருதுங்களே."

அவர் வேட்டி படபடத்துக்கொண்டிருந்தது.

அண்ணன் அப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஸ்டூலைத் தூக்கி அப்படியே திருப்பி வைத்தார்.

"பொலியோ பொலி" என்று விளைச்சல் பெருக வாழ்த்திக்கொண்டே அப்பா கூடையைச் சாய்த்தார்.

சோளம் நேராக விழுந்தது. மணியை மூடியிருந்த சொங்கும் தூசியும் மெதுவாக விலகிப் பறந்தன... பாதி வெயில், பாதி மேகம். சுற்றிலும் ஒரு பனைகூட அசையவில்லை, எங்கள் களத்தில் மட்டும் காற்று. அது நடந்ததா, நான் கண்ட கனவா என்று இப்போதும் சில சமயம் தோன்றும்.

அண்ணன் போய்ச் சொங்கு விழுகிற பக்கமாக உட்கார்ந்து, முகத்தைக் காற்றுக்குக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். தலையெல்லாம் தூசி.

"தள்ளி உக்காருங்கண்ணா" என்றேன்.

"இருக்கட்டும் அம்மணி. இந்த டைனமோ எத்தன தரம் ஊட்டி ஏறி எறங்குச்சோ... மலக்காத்து கொஞ்சம் உள்ள மிச்சமிருக்கும்."

பெருமழை பிடித்தபோது சோளம் மூட்டைக்குள் இருந்தது. அப்பா அதற்கப்புறம் கூலிக்குப் போகவே இல்லை. கடைசி வரைக்கும்.

இதை அண்ணன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து டைப் செய்கிறேன். நாளைக் காலை சர்ச்சில் பூசை, பிறகு அடக்கம். உள்ளே ஐஸ் பெட்டியில் படுத்திருக்கிறார். பெட்டிக்கு அடியில் மோட்டார் விடாமல் ஓடுகிறது... கொஞ்சம் கரகரப்பாக.

சற்று முன்பு குனிந்து, பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு. ஸ்டெல்லா என்னவோ ஏதோ என்று பார்த்தாள்.

பேரிங் தேஞ்சிருக்குதுங்கண்ணா. காலைல வரைக்கும் தாங்கிக்குமுங்க.

போயிட்டு வாங்க.