அடுப்புகளைத் திறந்துவிட்டவன்

சிகாகோவின் தெற்குப் பகுதியில் எங்கள் கறுப்பு ஜனங்களுக்கு வேலை கடைசியில்தான் கிடைக்கும். போகும்போது முதலில் போகும். இறைச்சி ஆலையில் குழாய் பொருத்திக்கொண்டிருந்த ஆம்ப்ரோஸ் கில்லுக்கும் 1930 நவம்பரில் அப்படித்தான் போயிற்று.

அடுத்த வாரமே எங்கள் வேலையற்றோர் சங்கத்துக்கு வந்தான். கம்யூனிஸ்டுகள் நடத்திய சங்கம். துண்டறிக்கை எழுதுவது என் வேலை. வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரன் தெருவில் எறிந்த கட்டிலையும் மேசையையும் கும்பலாகப் போய் மறுபடி மாடிக்கு ஏற்றுவோம். பணம் கட்டவில்லை என்று கேஸ் கம்பெனி அடுப்புக் குழாயை அடைத்துவிட்ட வீடுகளுக்கு ஆம்ப்ரோஸ் குறடோடு போவான்.

"மாஸ்கோ எந்தப் பக்கம்னே எனக்குத் தெரியாதுப்பா. குழாய் தெரியும்," என்பான்.

இரண்டு குளிர்காலங்களில் நூறு அடுப்புக்கு மேல் திறந்துவிட்டான். ஒருமுறை போலீஸ் தடியடியில் வலக்கையின் இரண்டு விரல்கள் மடங்காமல் போயின. அதற்குப் பிறகும் போனான்.

1933 பிப்ரவரியில் வெர்னா ஸ்டோக்ஸ் வீட்டுக்குப் போனோம். அடுத்தவர் துணியைத் துவைத்தே முதுகு வளைந்தவள், தனிக்கட்டை. மூன்று வாரமாக அடுப்பு எரியவில்லை. நான் விளக்குப் பிடித்தேன். ஆம்ப்ரோஸ் இணைப்பைத் திருகி, சோப்பு நுரை தடவிப் பார்த்தான். கசிந்தால் வரும் குமிழி வரவில்லை.

"கம்யூனிஸ்டோ எவனோ, நல்லாயிருடா கண்ணா! உக்காரு, காப்பி போடறேன்," என்றாள் வெர்னா.

மூன்றாம் நாள் கதவை உடைத்துத்தான் அவளை எடுத்தார்கள். வீடு முழுக்க கேஸ்.

கம்யூனிஸ்டுகள் கிழவியைக் கொன்றார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. சங்கத் தலைவர் லாமர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"அந்தக் குழாய் துருப்பிடிச்சு இருபது வருஷம் ஆச்சு. கொன்னது வீட்டுக்காரன். அதான் நிஜம்."

"நிஜம்தாண்ணே. ஆனா திருகினது நான்."

"நீ போலீஸ்ல போய் நின்னா சங்கத்தையே இழுத்து மூடிருவான். அப்புறம் இந்த ஜனங்களுக்கு எவன்டா இருக்கான்?"

"விரலு ரெண்டும் பிடி கொடுக்கலண்ணே. வேற ஆளை அனுப்புங்கன்னு சொல்லியிருக்கணும். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

என் பக்கம் திரும்பினான். "அந்தம்மா பேரை நோட்டீஸ்ல போட்டுராதே."

நான் போட்டேன், கொட்டை எழுத்தில். அது அச்சாகி வருவதற்குள் அவன் தானாகக் காவல் நிலையத்துக்குப் போய்விட்டிருந்தான்.

கூட வந்தவன் யார் என்று கேட்டு மூன்று நாள் அடித்திருக்கிறார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை.

விசாரணையில் வெர்னாவின் தங்கை எழுந்து, "கொட்டுற பனியில கேஸை நிறுத்துனானே, அவனை ஏன்யா கூண்டுல ஏத்தல?" என்று கத்தினாள். நீதிபதி அவளை வெளியே அனுப்பச் சொன்னார். குழாயைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. ஐந்து வருடம் தீர்ப்பானது.

இரண்டாம் வருடக் கடைசியில், சிறையிலேயே, காசநோயில் செத்தான். அடக்கத்துக்கு எழுபது பேர் வந்தோம். வெர்னாவின் தங்கையும் வந்து, குழியில் ஒரு பிடி மண் போட்டாள்.

குழாய் துருப்பிடித்திருந்ததை விளக்கு வெளிச்சத்தில் ஆம்ப்ரோஸைத் தவிரப் பார்த்தவன் நான் ஒருவன்தான். சாட்சி சொல்ல வேண்டாம் என்று லாமர் தடுத்தார். கட்சிக் கட்டுப்பாடு என்று எல்லாரிடமும் சொன்னேன். அவர் தடுத்தபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.