நிற்காத கூடை

போன வாரம் எங்கள் தெருவில் காய்கறி வண்டி தள்ளும் தேவகி என் பைக்கை மறித்தார்.

“அண்ணாத்தே, அக்காவுக்கு எம்மேல இன்னா கோவம்?”

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. அக்கா என்றது என் மனைவி ஸ்டெல்லாவை. தேவகி என்றால் அவளுக்கு உயிர். கோபமா?

கொஞ்சம் பின்னோக்கிப் போய்ச் சொல்கிறேன்.

ஜனவரியில் இமயமலைப் பக்கம் பனிச்சறுக்குக்குப் போனோம். முகப்பேர்க்காரர்களுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்காதீர்கள்... ஆசை! அங்கே மேலே ஓடும் கம்பியில் வரிசையாகத் தொங்கும் நாற்காலிகள். அடிவாரத்தில் உட்கார்ந்தால் உச்சியில் கொண்டுபோய் விடும். விசேஷம் என்ன தெரியுமா? அது நிற்கவே நிற்காது. ஓடும்போதே ஏற வேண்டும், ஓடும்போதே இறங்க வேண்டும். என்ன இன்ஜினியரிங் என்று நான் வாயைப் பிளந்துகொண்டிருந்தபோது, இறங்குகிற இடத்தில் ஸ்டெல்லா விழுந்தாள். முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது.

எங்களுக்கு மூன்றாவது மாடி. ஹவுசிங் போர்டு கட்டடம், லிஃப்ட் கிடையாது. படி இறங்கவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கயிறு கட்டிய கூடையை இறக்கிக் காய் வாங்குவாள்.

நானோ அம்பத்தூர் எஸ்டேட்டில் மெஷின்களோடு குப்பை கொட்டுகிறவன். சும்மா இருப்பேனா? பழைய கார் வைப்பர் மோட்டார், ஒரு கப்பி, குட்டி சர்க்யூட் போர்டு, எடை பார்க்க ஒரு சென்சார் — சில ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை முடிந்தது. கூடையில் காய் விழுந்தவுடன் அது தானாக மேலே வரும். ஸ்டெல்லா கயிற்றைத் தொடவே வேண்டாம்!

முதல் நாள் முருங்கைக்காய் சர்ரென்று வந்தது. நான் கைதட்டினேன். அவள் “ம்” என்றாள்.

அதற்கப்புறம் வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. கேட்டால், “ஒண்ணுமில்லீங்க.” மோட்டார் சத்தமோ என்று எண்ணெய் போட்டேன். வலியோ என்று டாக்டருக்கு போன் செய்தேன். எதுவும் இல்லை. பிறகு என்னதான்? குழம்பிப் போனேன்.

இப்போது தேவகி வேறு!

“முன்னல்லாம் கூடைய பாதில நிறுத்திகினு ஊட்டுக் கதையெல்லாம் பேசும் அண்ணாத்தே. என் பொண்ணு காலேஜ் மேட்டர் வரைக்கும் கேக்கும். இப்ப ஒரு கட்டு கீரைய வெச்சா போதும்... சர்ருனு இஸ்துகினு பூடுது. நா இன்னா தப்பு பண்ணேன்?”

மேலே மோட்டார் இருப்பது அவருக்குத் தெரியாது; ஸ்டெல்லாதான் வெடுக்கென்று இழுக்கிறாள் என்று நினைத்திருக்கிறார். நானோ பகலெல்லாம் வேலையில் இருப்பவன். கூடை பாதியில் நிற்பதே எனக்குத் தெரியாது.

மேலே போய்ச் சொன்னேன். ஸ்டெல்லாவின் கண் கலங்கிவிட்டது.

“அவதான் என்கிட்ட பேசப் பிடிக்காம, காய வெச்சதும் கிளம்பிடறான்னு நினைச்சேங்க.”

“மெஷின் வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?”

“ஆசையா செஞ்சீங்க. எப்படிச் சொல்றது?” முழங்காலைத் தடவிக்கொண்டாள். “அங்க அந்த நாற்காலி ஒரு நிமிஷம் நின்னிருந்தா நான் விழுந்திருக்கவே மாட்டேன். நீங்க என்னடான்னா, அதையே பார்த்துட்டு வந்து வீட்டுல மாட்டியிருக்கீங்க.”

எனக்குச் சுருக்கென்றது. அவளை விழ வைத்ததையா நான் இத்தனை நாள் ரசித்துக்கொண்டிருந்தேன்?

அன்றைக்கே புரோகிராமை மாற்றினேன். கூடை இரண்டாவது மாடி வரை வந்து நின்றுவிடும். ஸ்டெல்லா பட்டனை அழுத்தினால்தான் மீதி தூரம்.

நேற்று எனக்கு லீவு. வெண்டைக்காய் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே சிரிப்பு, கீழே சிரிப்பு. நடுவில் இரண்டாவது மாடி அம்மாவும் சேர்ந்துகொண்டார். வெண்டைக்காய் வீடு வந்து சேர்வதற்குள் நான் ரசமும் அப்பளமுமாகச் சாப்பிட்டு முடித்துவிட்டேன்.

“மெஷின் இப்பதான் சரியா வேலை செய்யுது” என்கிறாள் ஸ்டெல்லா. எனக்குத்தான் இன்னும் புரியவில்லை — அது நின்றுகொண்டுதானே இருக்கிறது!